முதல் டிராக்டர் வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

நம் சங்கங்களுக்கு வரும் கடன் மனுக்களைப் பார்வையிடுங்கால், அண்மை ஆண்டுகளில் ஒரு மாறுதலைக் காண்கிறோம். முன்பு உழவு மாட்டுக்கும் கிணற்றுக்கும் கடன் கேட்ட குடும்பங்களிலிருந்து இன்று சிறு டிராக்டருக்கான மனுக்கள் வருகின்றன. மாடு மேய்க்க ஆள் இல்லை. ஆள் கிடைத்தாலும் கூலி கட்டவில்லை. வாடகை வண்டியோ வேண்டிய நாளில் வருவதில்லை. அங்கத்தினர் கூறும் காரணங்கள் யாவும் நியாயமானவையே. ஆயினும், அம்மனுக்களில் பெரும்பாலானவற்றில் ஒரு கேள்விக்கு விடை காணோம். “இவ்வண்டி நம் நிலத்தில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் உழைக்கும்?” என்பதே அக்கேள்வி.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. தறி போடுமுன் எந்த அகலத்தில் என்ன துணி, எத்தனையாம் நம்பர் நூல், மாதத்துக்கு எத்தனை பாவு கிடைக்கும் என்று கேட்டறிந்த பின்னரே அவர்கள் பணத்தை வெளியில் எடுப்பார்கள். பாவு இல்லாத தறி வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வேலை இல்லாத டிராக்டரோ இடத்தை மட்டும் அடைப்பதில்லை, வட்டியையும் தின்னும். சிறு உழவர் குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் பெருங்கடன்களில் இஃதொன்று. அதற்கு ஈடாக வைக்கப்படுவது பெரும்பாலும் நிலத்தின் பத்திரமே. ஆகவே, வண்டியின் நிறத்தையும் குதிரைத்திறனையும் பார்க்குமுன் செய்யவேண்டிய கணக்கை இப்பாடத்தில் படிப்படியாக ஆராய்வோம்.

1. நிலத்தை அளத்தல்

2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர். அதாவது, இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்நிலமும் பல இடங்களில் ஒரே துண்டாக இருப்பதில்லை. ஆதலின், ஏக்கர் கணக்கோடு நின்றுவிடாமல், வண்டி போய்வரவேண்டிய வழிகளையும் அளத்தல் அவசியம்.

ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருக. வாசற்படலின் அகலம், வரப்பை ஒட்டிய வண்டிப்பாதையின் மிகக் குறுகிய இடம், வாய்க்காலின் மீதுள்ள பாலத்தின் அகலம், கொட்டகையின் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. அண்டை வீட்டார் நிலத்தில் பயிர் நிற்கும்போதும் நம் நிலத்துக்குப் போக வழியுண்டா என்பதையும் பார்க்கவேண்டும். மாட்டுக்கு வழிவிட்ட அண்டை நிலக்காரர், டிராக்டருக்கும் வழிவிடுவார் என்று எண்ணிவிடலாகாது.

அடுத்து, பயிர்களின் இடைவெளியைக் குறிக்கவேண்டும். 25 அடிக்கு 25 அடி நட்ட தென்னந்தோப்பில் எந்த வண்டியும் நுழையும். ஆயினும் மரத்தின் தூரை நெருங்கித் திரும்புவதற்குச் சிறு வண்டியே ஏற்றது. 6 அடிக்கு 6 அடி நட்ட வாழையில் பெரிய வண்டி இலையைக் கிழிக்கும். கன்று முளைக்கும் பக்கத்தை மிதிக்கும். 5 அடிப் பாரில் நட்ட கரும்புக்கு இடையுழவு செய்ய, நான்கடிக்குள் அடங்கும் வண்டி வேண்டும். பந்தலில் ஏற்றிய புடலை, பாகல், திராட்சை முதலியவற்றுக்கு அகலத்தோடு உயரமும் தடையாகும். பின்சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் இயலுமா என்று விற்பனையாளரிடம் கேட்டறிக. நம் நாடாவில் காணும் மிகக் குறுகிய அளவே வண்டியின் அகலத்தை முடிவு செய்யும், வேறெதுவும் அன்று.

2. வேலை மணிகளின் பட்டியல்

நிலத்தை அளந்தபின், ஓர் ஆண்டில் வண்டிக்கு உள்ள வேலைகளை மணிக்கணக்கில் எழுதவேண்டும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. கருவியின் அகலத்தை வண்டியின் வேகத்தால் பெருக்கினால், ஒரு மணியில் உழும் பரப்புக் கிடைக்கும். 3 அடி அகலமுள்ள, ரோட்டவேட்டர் என்று வழங்கும் சுழற்கலப்பையை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திரும்புதற்கும் நிறுத்துதற்கும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கழித்து, ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 மணி நேரமாகும்.

ஐந்து ஏக்கர் உடைய ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். மூன்று ஏக்கர் தென்னை. இரண்டு ஏக்கர் காய்கறி. தென்னைக்கு ஆண்டில் நான்கு உழவு. ஆக 24 மணி. காய்கறிக்கு ஆண்டில் இரு போகம், போகத்துக்கு மூன்று சால் உழவு. ஆக 24 மணி. எரு அடித்தல், தேங்காய் ஏற்றுதல், மட்டை அப்புறப்படுத்தல், மருந்து தெளித்தல் முதலிய சில்லறை வேலைகளுக்கு வாரத்துக்கு 1 மணி. ஆக 52 மணி. மொத்தம் 100 மணி.

பலருக்கு இவ்வெண் வியப்பளிக்கும். நாள்தோறும் வேலை இருப்பதாக மனத்தில் தோன்றும் தோட்டத்தில், ஆண்டு முழுவதும் கூட்டினாலும் வண்டிக்கு 100 மணி வேலைதான் இருக்கிறது. உழவுக்குரிய மணிகளைவிடச் சில்லறை வேலைகளுக்குரிய மணிகள் மிகுதியாயிருத்தலையும் கவனிக்கவேண்டும். தோட்டம் சூழ்ந்த வீட்டுக்கு டிராக்டர் உழவு மாட்டைப் போன்றது மட்டுமன்று. வண்டி மாட்டையும் போன்றது. ஆகவே கலப்பையோடு டிரெய்லரையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

3. நிலைச் செலவும் ஓட்டச் செலவும்

டிராக்டரின் செலவு இருவகைப்படும். வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆகும் செலவு நிலைச் செலவு. ஓடும்போது மட்டும் ஆகும் செலவு ஓட்டச் செலவு. கீழ்க்காணும் தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அங்கத்தினர் தத்தம் ஊர் விலையை இட்டுக்கொள்க.

சிறு டிராக்டரும் கருவிகளும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் என்றும், 10 ஆண்டு கழித்து விற்றால் 1½ லட்சம் கிடைக்கும் என்றும் கொள்வோம். இடைப்பட்ட 3½ லட்சமே தேய்மானம்; ஆண்டுக்கு 35,000 ரூபாய். முடங்கியிருக்கும் முதலின் சராசரி 3¼ லட்சம். நூற்றுக்கு 10 வட்டியில் ஆண்டுக்கு 32,500 ரூபாய். காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு 7,500 ரூபாய். ஆக நிலைச் செலவு ஆண்டுக்கு 75,000 ரூபாய். கைப்பணம் போட்டு வாங்கினாலும் வட்டியைச் சேர்த்தே எழுதவேண்டும்; அப்பணம் வேறிடத்தில் இருந்தால் வட்டி ஈட்டியிருக்கும் அன்றோ?

ஓட்டச் செலவு, டீசல் 2 லிட்டர், எண்ணெய், பழுது, ஓட்டுபவர் கூலி ஆகிய எல்லாம் சேர்ந்து மணிக்கு 350 ரூபாய் என்க. 100 மணி ஓடினால், நிலைச் செலவு மணிக்கு 750. ஓட்டச் செலவு 350. ஆக 1,100 ரூபாய். 300 மணி ஓடினால் மணிக்கு 600 ரூபாய். 500 மணி ஓடினால் மணிக்கு 500 ரூபாய். வண்டி ஒன்றே, விலையும் ஒன்றே. ஓடும் மணியே செலவைத் தீர்மானிக்கிறது.

இனி, அவ்வூரில் அதேவகை வண்டியின் வாடகை மணிக்கு 800 ரூபாய் எனில், எத்தனை மணி வேலை இருந்தால் சொந்த வண்டி கட்டும்? வாடகையிலிருந்து ஓட்டச் செலவைக் கழித்தால் 450 ரூபாய். நிலைச் செலவாகிய 75,000 ரூபாயை 450-ஆல் வகுத்தால் 167 மணி. இதனை நாம் ‘சமநிலை மணி’ என்று அழைக்கலாம். ஆண்டில் 167 மணிக்கு மேல் வேலை உள்ளவர் வாங்கலாம். அதற்குக் குறைந்தவர், ஒரு மணிக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவிடுகிறோம் என்பதை அறிந்த பின்னரே வாங்கவேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட குடும்பம் 100 மணிக்கு ஆண்டில் 30,000 ரூபாய் கூடுதலாகச் செலவிடும். இதற்கு ஒரு நியாயமான மறுமொழி உண்டு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. மழை பெய்து ஈரம் காயுமுன் உழவேண்டும். ஊர் முழுவதும் வாடகை வண்டியைத் தேடும் அவ்வாரத்தில், கடைசியாக உழுபவருக்கு முளைப்பும் குறையும். சில ஆண்டில் போகமே தவறும். ஆகவே, சென்ற மூன்று ஆண்டுகளில் வண்டி தாமதமானதால் நேர்ந்த நஷ்டம் எவ்வளவு என்பதையும் எழுதிப் பார்க்கவேண்டும். அந்நஷ்டம் ஆண்டுக்கு 30,000 ரூபாயை மிஞ்சுமாயின், சொந்த வண்டி வீண்செலவு அன்று. மிஞ்சாதாயின், அது வசதிக்குத் தரும் விலை. வசதிக்கு விலை தருவது குற்றமன்று. ஆனால் அதை லாபம் என்று எண்ணிக் கடன் வாங்குவது தவறு.

4. எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

கடனோடு கடனாகப் பெரிய வண்டியையே வாங்கிவிடலாம் என்பார் உளர். இதிலுள்ள ஏமாற்றத்தை மேற்கண்ட கணக்கே விளக்கும். வண்டி பெரிதாகப் பெரிதாக நிலைச் செலவு ஏறும். அதே நிலத்தை விரைவில் உழுது முடிப்பதால் வேலை மணி குறையும். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கினால் சமநிலை மணி எட்டாத் தொலைவுக்குப் போய்விடும். நாம் தணிக்கை செய்த சங்கம் ஒன்றில், நான்கு ஏக்கர் வைத்திருந்த அங்கத்தினர் ஒருவர் 45 குதிரைத்திறன் வண்டி வாங்கினார். வாழைக்குள் அது நுழையவில்லை. வெளியார் நிலத்தில் உழுது தவணை கட்டவேண்டியவரானார். பருவம் தவறிய ஆண்டில் வெளி வேலையும் இல்லை, தவணையும் தவறியது. வண்டியில் குறை ஒன்றுமில்லை. அவருடைய நிலத்துக்கு அது உரியதன்று, அவ்வளவே.

குதிரைத்திறன் என்பதிலும் இரண்டு உண்டு. விளம்பரத்தில் காண்பது எஞ்சினின் திறன். கருவிக்குக் கிடைப்பதோ, பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டின் திறன். பற்சக்கரங்களில் ஒரு பகுதி செலவாவதால், பின்னது எப்போதும் குறைந்தே இருக்கும். சுழற்கலப்பை, மருந்து தெளிப்பான், மட்டை அரைக்கும் இயந்திரம் ஆகியவை பி.டி.ஓ. திறனால் இயங்குவன. ஆகவே, இரு வண்டிகளை ஒப்பிடும்போது பி.டி.ஓ. திறனையே கேட்டறிதல் வேண்டும். மண்ணுக்குத் தக்கபடி மாறுமாயினும், 3 அடிச் சுழற்கலப்பைக்கு 18 குதிரைத்திறன் அளவுள்ள வண்டி போதும். 5 அடிக் கலப்பைக்கு 35-க்குக் குறையாமல் வேண்டியிருக்கும்.

மேலும், கலப்பையை இழுப்பது எஞ்சின் மட்டுமன்று. வண்டியின் எடையும் ஆகும். 15 முதல் 20 குதிரைத்திறன் உள்ள சிறு வண்டிகள் ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ளவை. எடை போதாவிடில் சக்கரம் வழுக்கும், டீசல் எரியும், உழவு நடவாது. வழுக்கலை அளக்க ஒரு வழி கூறுவோம். பின்சக்கரத்தில் சுண்ணாம்புக் குறியிட்டு, கலப்பையைத் தூக்கியவாறு பத்துச் சுற்று ஓட்டி, கடந்த தூரத்தை அளக்க. பின்னர்க் கலப்பையை இறக்கி உழுதவாறு பத்துச் சுற்று ஓட்டி அளக்க. முன்னது 100 அடியும் பின்னது 85 அடியும் எனில், வழுக்கல் நூற்றுக்கு 15. இதற்கு மேற்பட்டால் கருவி பெரிது; அல்லது சக்கரத்துக்கு எடை கூட்டவேண்டும்.

எடை எங்கும் நன்மை என்பதுமில்லை. சேற்றுழவில் கனத்த வண்டி ஆழப் புதையும். நீரைத் தாங்கி நிற்கும் அடிமண் கட்டையும் உடைக்கும். நஞ்சையில் கூண்டுச் சக்கரம் பூட்டிய இலகுவான வண்டியே சிறந்தது. முன்சக்கரமும் இழுக்கும் நான்கு சக்கர இயக்கம் சேற்றிலும் மேட்டிலும் பெரிதும் உதவும். ஆனால் விலை கூடும். முன் அச்சின் அடைப்புகளில் சேறு புகாமல் காக்கவும் வேண்டும். வறண்ட சமநிலத்தில் மட்டும் உழைப்பவருக்கு அதற்காகக் கூடுதல் பணம் தருதல் அவசியமன்று. ஓரிரு ஏக்கர் நஞ்சை மட்டும் உடையவர், டிராக்டரை விடுத்துப் பவர் டில்லரையே எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதன் பின்னால் நாள் முழுவதும் நடக்க உடல் இடந்தரவேண்டும்.

5. கருவி பொருந்துதல்

வண்டியையும் கலப்பையையும் இணைக்கும் மூன்று கைகளைப் பற்றிச் சிறிது அறிதல் நன்று. முற்காலத்தில் கலப்பையைச் சங்கிலியால் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தனர். கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால், வண்டியின் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுநர் மாண்டதும் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்பவர் அமைத்த மும்முனை இணைப்பு இதற்கு மாற்றாயிற்று. 1939-இல் போர்டு நிறுவனத்தின் டிராக்டரில் அது பெருமளவில் வெளிவந்தது. கலப்பை இழுபடும் விசையே முன்சக்கரங்களை நிலத்தில் அழுத்தும்படி அமைந்ததால், இலகுவான வண்டியும் கனமாக உழ முடிந்தது. இன்றைய சிறு டிராக்டர் யாவும் இம்முறையின் வழிவந்தவையே.

இக்கைகளின் அளவு எல்லா வண்டிக்கும் ஒன்றன்று. முதல் வகுப்பு என்னும் அளவில் கீழ்க்கை ஊசி 22 மில்லிமீட்டரும் மேற்கை ஊசி 19 மில்லிமீட்டரும் இருக்கும். மிகச் சிறிய வண்டிகளில் இணைப்பின் அகலம் இதனினும் குறுகியது. அண்டை வீட்டாரின் கலப்பையை இரவல் வாங்கலாம் என்றெண்ணியிருப்பவர், அது நம் வண்டியில் பொருந்துமா என்று முன்னரே பார்க்கவேண்டும். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழலுதல் பொது அளவு. எஞ்சினின் எந்த வேகத்தில் அச்சுற்றுக் கிடைக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்க. குறைந்த வேகத்தில் கிடைத்தால், இலேசான வேலைகளில் டீசல் மிச்சமாகும்.

கருவிகளை ஒரேநாளில் வாங்கவேண்டியதில்லை. முதலாண்டில் ஐந்து கொத்துக் கலப்பையும் சுழற்கலப்பையும் போதும். மற்றவற்றைச் சில நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்து, உண்மையில் எத்தனை மணி வேலை வந்தது என்று குறித்தபின் வாங்கலாம்.

6. உயிருக்குக் காப்பு

இக்கணக்கில் பணத்தால் அளக்கவொண்ணாத செலவு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால், விநாடிக்கு 9 சுற்று. வேட்டியின் முனையோ, தோள் துண்டோ, புடைவையின் தலைப்போ அத்தண்டில் சிக்கினால், கையை எடுக்குமுன் எல்லாம் முடிந்துவிடும். நூலும் துணியும் சுழல்வதில் எப்படிச் சுற்றிக்கொள்ளும் என்பதை நெசவாளர் நன்கறிவர். தண்டின் மேல் மூடி இல்லாமல் வண்டியை ஏற்றுக்கொள்ளலாகாது. எஞ்சினை நிறுத்தாமல் கருவியின் அருகில் ஒருவரும் போகலாகாது.

கவிழ்தல் இரண்டாவது ஆபத்து. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் காப்பு வளைவை, கிளையில் மாட்டுகிறது என்று சிலர் கழற்றிவிடுகின்றனர். ஸ்வீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களில் கவிழ்தற் காப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் கவிழ்ந்து மாண்டவர் தொகை அங்கே பெரிதும் குறைந்தது. காப்பு வளைவும் இருக்கைப் பட்டையும் சேர்ந்தே உயிரைக் காக்கும். பந்தலுக்குள் ஓட்டுபவர், மடக்கி நிமிர்த்தக்கூடிய வளைவுள்ள வண்டியைக் கேட்கலாம். வரப்பைக் குறுக்கே நேராகக் கடக்கவேண்டும், சாய்வாகக் கடக்கலாகாது. இடம் வலம் தனித்தனியே பிடிக்கும் இரு பிரேக்குகளையும் சாலைக்கு வருமுன் தாழிட்டு ஒன்றாக்கவேண்டும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுதல் கூடவே கூடாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடாது.

7. பழைய வண்டி

வேலை மணி குறைந்தவருக்குப் பழைய வண்டி ஒரு நல்ல வழி. மேற்கண்ட கணக்கில், பாதி விலைக்கு வண்டி கிடைத்து, நிலைச் செலவும் பாதியாகி 37,500 ரூபாய் எனக் கொள்வோம். பழுது மிகுதியால் ஓட்டச் செலவு மணிக்கு 350-இலிருந்து 420 ஆகும் என்க. 37,500-ஐ 380-ஆல் வகுத்தால் சமநிலை மணி ஏறத்தாழ 99. நம் 100 மணிக் குடும்பத்துக்கு இது சரியாக அமைகிறது. ஆனால், அவ்வண்டி நல்ல வண்டியாயிருந்தால் மட்டுமே இக்கணக்கு நிற்கும்.

பார்வையிடப் போகும்போது, எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் போகவேண்டும். முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஐயம் கொள்க. தொடங்கியபின் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க. எண்ணெய்க் கோலை எடுத்துப் பார்க்குங்கால் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்துக. விரைவில் கீழே இறங்குமாயின் தூக்கி தேய்ந்துள்ளது. பின்சக்கர டயரின் தேய்வைப் பார்க்க; அவற்றின் விலை சிறிதன்று. இறுதியாக, பதிவுச் சான்றில் வங்கியின் ஈட்டுக் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் தரலாகாது. பிறர் கடனில் உள்ள வண்டியை வாங்கியவர், வண்டியையும் பணத்தையும் இழப்பார்.

8. விலையும் கடனும் மானியமும்

புதிய வண்டி வாங்குவோர் மகிந்திரா, ஸ்வராஜ், வி.எஸ்.டி., குபோட்டா, சோனாலிகா முதலிய பெயர்களைக் கேள்விப்படுவர். எது சிறந்தது என்று நம்மைக் கேட்பவருக்கு, “எதன் பழுது பார்க்கும் நிலையம் உங்கள் ஊருக்கு அண்மையில் உள்ளதோ, அதனை முதலில் பாருங்கள்” என்றே விடை கூறுகிறோம். உழவுக் காலத்தில் ஒரு வடிகட்டிக்காகப் பத்து நாள் நிற்கும் வண்டி, எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரிலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம், டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ. திறன், டீசல் செலவு, தூக்கும் எடை ஆகியவை அவ்வறிக்கையில் உண்டு. விற்பனையாளரிடம் அதனைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை நமக்குண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு-சேவை வரி நூற்றுக்கு 12-இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. விலைப்பட்டியலில் வண்டி, கருவி, பதிவு, காப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லவேண்டும். வேளாண்மை இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15 முதல் மத்திய அரசால் நடத்தப்பட்டு வருகிறது. மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகி, அனுமதி பெற்ற பின்னரே வண்டி வாங்கவேண்டும். மானியம் நிலைச் செலவைக் குறைக்கும். வேலை மணியைக் கூட்டாது. மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையற்றதை வாங்குவது, தள்ளுபடிக்காகக் கட்டாத சேலையை வாங்குவது போன்றதே.

கடனைப் பொறுத்தவரை, தவணை நாள் அறுவடையை ஒட்டி அமைதல் நன்று. மாதத் தவணை, மாதச் சம்பளக்காரருக்கு உரியது. ஆறு மாதத்துக்கொருமுறை வருமானம் காணும் உழவருக்கு உரியதன்று. கூட்டுறவு வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கியையும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் கேட்டறியாமல், விற்பனை நிலையத்திலேயே நீட்டும் தாளில் கையொப்பமிடலாகாது.

9. ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால்

நாம் கண்ட 100 மணிக் குடும்பம் போன்ற ஐந்து குடும்பங்கள் ஓர் ஊரில் இருக்குமாயின், அவை ஆளுக்கொரு வண்டி வாங்கினால் செலவு மணிக்கு 1,100 ரூபாய். ஐவரும் சேர்ந்து ஒரு வண்டியை 500 மணி ஓட்டினால், மணிக்கு 500 ரூபாய். மொத்தம் 2½ லட்சம். அதே 500 மணியை வாடகைக்கு எடுத்தால் 4 லட்சம். மிகுதியாக ஓடுவதால் தேய்மானம் சிறிது ஏறினும், எஞ்சும் தொகை சிறிதன்று.

ஐவரும் ஒரே வாரத்தில் வண்டி கேட்பார்களே என்ற கேள்வி எழும். உண்மையே. அதனால்தான் பல கூட்டு முயற்சிகள் முதல் மழையிலேயே கலைகின்றன. அதற்கு விதிகள் முன்னரே வேண்டும். உழவுப் பருவத்தில் முறை வைத்துச் சுற்றவேண்டும். இவ்வாண்டு முதலாவதாக உழுதவர், அடுத்த ஆண்டு கடைசி. வண்டியை ஒரே ஓட்டுநர் ஓட்டவேண்டும். மணிக்காட்டி காட்டும் எண்ணை, எடுக்கும்போதும் விடும்போதும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடவேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை பழுது நிதிக்கு ஒதுக்கவேண்டும். தலைவர் வீட்டு வயலானாலும் பணம் கட்டியே உழவேண்டும். இவ்விதிகளை வண்டி வருமுன் எழுதிய சங்கம் நிலைக்கும். வந்தபின் எழுத முனைந்தது சண்டையில் முடியும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உம் தோட்டத்தில் வண்டி நுழையவேண்டிய மிகக் குறுகிய இடத்தின் அகலம் என்ன?

2. சென்ற ஆண்டு நீர் வாடகை கொடுத்து ஓட்டிய மணிகள் எத்தனை? சில்லறை வேலைக்கு எத்தனை மணி சேரும்?

3. உம் ஊர் வாடகையையும் டீசல் விலையையும் இட்டு, சமநிலை மணியைக் கணக்கிடுக.

4. வண்டி தாமதமானதால் சென்ற மூன்று ஆண்டுகளில் நேர்ந்த நஷ்டம் எவ்வளவு?

5. உம்மோடு சேர்ந்து ஒரு வண்டி வாங்கக்கூடிய குடும்பங்கள் எவை? அவர்களுடைய உழவு நாள்கள் உம்முடையவற்றோடு மோதுமா?

இவ்வினாக்களுக்குரிய விடைகளை ஒரு தாளில் எழுதி, கடன் மனுவோடு இணைத்துச் சங்கத்தில் கொடுப்பீராக. வாங்கலாம் என்று கணக்கு கூறினால், துணிந்து வாங்குக. அவ்வண்டி உம் பிள்ளைகளின் முதுகுச் சுமையைக் குறைக்கும். வேண்டாம் என்று கூறினால், அதனையும் நல்ல விடையாகவே கொள்க. பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கும். வாடகைக்கும் கூட்டுக்கும் வழி திறந்தே இருக்கும்.